1500 மீட்டரை யார் தீர்மானித்தது? ஓட்டப் பந்தயத் தூரங்கள் பற்றி ஒரு சந்தேகம்

#1 மூச்சிரைப்பு

நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து 1500 மீட்டர் இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்து வயது. "800 ஓடியவர்கள் வெள்ளைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று புறப்பட்டார்களே, இவர்கள் மட்டும் ஏன் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கிறார்கள்?" என்று கேட்டாள். ஒரு சுற்று 400 மீட்டர், 1500 என்றால் மூன்றே முக்கால் சுற்று, அதனால்தான் என்று விளக்கினேன். "அப்படியானால் 1600 என்று வைத்துவிட்டால் சரியாக நான்கு சுற்று வருமே!" என்றாள். தூக்கம் வருகிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 100, 200, 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று 1500இல் ஏன் தடம் மாறினார்கள்? ஆண்கள் தடை தாண்டும் ஓட்டம் ஏன் 110? மாரத்தான் ஏன் 42 கிலோமீட்டரோடு நிற்காமல் ஒரு 195 மீட்டரையும் இழுத்துக்கொண்டு போகிறது? நானும் தினமும் காலையில் வீட்டருகே உள்ள மைதானத்தை நான்கு முறை சுற்றி வந்து "ஒரு மைல்" என்று டைரியில் குறித்துக்கொள்கிறவன். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்தான்.

#2 உடற்கூறு

இதில் யாரும் தனியாகத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை, உடம்புதான் தீர்மானித்தது. 100 மீட்டர் முழுக்க முழுக்க வெடிப்புச் சக்தி. 400இல் கடைசி 100 மீட்டருக்கு வரும்போது கால்கள் கல்லாகிவிடும். 800 வேகத்துக்கும் தாக்குப்பிடிப்பதற்கும் நடுவில் நிற்கிறது. 5000, 10000 எல்லாம் மூச்சின் விளையாட்டு. உடம்பு ஆற்றலைத் தயாரிக்கும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பந்தயம் இருக்கிறது. இடையில் உள்ள தூரங்கள் தேவைப்படவில்லை.

#3 பழைய நடுவர்

உடற்கூறு தம்பி, இது செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொண்ட கதை. தூரம் முதலில் வந்தது. அதற்கேற்ற உடம்புகளைப் பிறகுதான் தேடிப் பிடித்தார்கள்.

100, 200, 400, 800 என்ற வரிசையைச் சற்று நேரம் மறந்துவிட்டு, கஜத்தில் பாருங்கள்: 220, 440, 880, 1760. அதாவது ஒரு பர்லாங், கால் மைல், அரை மைல், ஒரு மைல். இரட்டிப்பின் ரகசியம் இதுதான். மைலைப் பாதியாக்கிப் பாதியாக்கி வந்தால் பர்லாங்கில் வந்து நிற்கும். 220 கஜம் என்பது 201.17 மீட்டர். 440 கஜம் 402.34 மீட்டர். மீட்டர் அளவு வந்தபோது இந்தத் தூரங்களை ஓரிரண்டு எட்டு குறைத்து முழு எண்ணாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 100 மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. கஜத்திலும் அது 100தான், மீட்டரிலும் 100தான். முழு எண் என்பதைத் தவிர அதற்கு வேறு பூர்வீகம் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, பர்லாங் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வயலிலிருந்து. அந்தச் சொல்லுக்கே படைச்சாலின் நீளம் என்றுதான் பொருள். ஏரில் பூட்டிய எருதுகள் நிற்காமல் ஒரே மூச்சில் உழக்கூடிய தூரம் அது. ஒரு பர்லாங் நீளமும் ஒரு சங்கிலி (22 கஜம்) அகலமும் உள்ள நிலம் ஒரு ஏக்கர்.

இன்னொரு வேடிக்கை. ரோமானிய மைல் 5000 அடி. ஆனால் இங்கிலாந்தில் நிலங்களை எல்லாம் பர்லாங்கில் அளந்து பத்திரம் எழுதிவிட்டார்கள். பர்லாங்கைத் தொட்டால் ஊரில் உள்ள எல்லா வேலியும் நகர வேண்டியிருக்கும். அதனால் பர்லாங்கை அப்படியே விட்டுவிட்டு மைலை நீட்டினார்கள். 1593இல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் மைலை 8 பர்லாங், அதாவது 5280 அடி என்று நிலைநிறுத்தியது. இது முழுவதும் நிலத்தை அளக்கிற கணக்கு. ஓட்டக்காரனை யாரும் கேட்கவில்லை.

#4 மூச்சிரைப்பு

ஆக, எருது இளைப்பாறும் தூரத்தைத்தான் உசைன் போல்ட் 19.19 விநாடியில் ஓடினார்! மகளிடம் இதை மட்டும் சொன்னாலே ஒரு வாரத்துக்குப் போதும்.

ஆனால் ஐயா, என் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 880க்கு அடுத்தது 1760. அப்படியானால் 800க்கு அடுத்து 1600தானே வர வேண்டும்?

#5 ஐந்நூறு

வர வேண்டியதுதான். ஆனால் நவீன ஒலிம்பிக்கின் நிகழ்ச்சி நிரலை எழுதியவர்கள் மைலில் வளர்ந்தவர்கள் அல்லர். பிரான்சில் 500 மீட்டர் சுற்றளவுள்ள ஓடுதளங்கள் வழக்கத்தில் இருந்தன. மூன்று சுற்று ஓடினால் 1500. பத்துச் சுற்று 5000. இருபது சுற்று 10000. பின்னமே கிடையாது. நமக்கு இன்று மூன்றே முக்கால், பன்னிரண்டரை என்று கோணலாகத் தெரிவது 400 மீட்டர்ச் சுற்றில் நின்று பார்ப்பதால்தான். தூரம் ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டது. நடக்கிற சங்கடமெல்லாம் அதனால்.

#6 குறுக்குக் கேள்வி

ஒரு நிமிடம். ஒலிம்பிக்கில் 1500 முதலில் ஓடப்பட்டது 1896இல், ஏதென்ஸில். அந்தப் பானதினைக்கோ மைதானத்தின் சுற்று 500 மீட்டர் இல்லை, ஏறக்குறைய 333 மீட்டர். அங்கே 1500 என்பது நாலரைச் சுற்று. உங்கள் கணக்கு அங்கேயே இடிக்கிறதே?

#7 ஐந்நூறு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் இடிக்கவில்லை. ஏதென்ஸில் இருந்தது பழங்காலத்து மைதானத்தைத் தோண்டியெடுத்துப் புதுப்பித்த கட்டடம். கொண்டை ஊசி போல நீண்டு ஒடுங்கிய வடிவம். அந்தக் காலத்தவர் நேராக ஓடிப் போய், கம்பத்தைச் சுற்றித் திரும்பி வந்தார்கள், அதற்கு அது பொருத்தம். 1896இல் அதற்குள் ஒரு சுற்றுத்தளத்தைத் திணித்தார்கள். வளைவுகள் குறுகலாக இருந்ததால் வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியவில்லை. அதுவும் கடிகார முள் திசையிலேயே ஓடினார்கள், இன்றைக்கு நேர் எதிர். ஆக, தூரங்களின் பட்டியலை அந்த மைதானம் தரவில்லை. பட்டியல் வெளியிலிருந்து வந்தது, மைதானம் அதைத் தாங்கிக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் 500 மீட்டர்ச் சுற்றில், புல்தரையில் ஓடியபோதுதான் 1500 தன் சொந்த வீட்டுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் "வழக்கமான சுற்று" என்ற ஒன்றே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1908 லண்டனில் ஒரு சுற்று மைலில் மூன்றில் ஒரு பங்கு. 1912 ஸ்டாக்ஹோமில் 383 மீட்டர். 1924 பாரிஸில் மறுபடி 500. 1928 ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக் ஓடுதளம் 400 மீட்டராக அமைந்தது, பிறகு மாறவில்லை. அதற்குள் 1500, 5000, 10000 எல்லாம் பட்டியலில் வேரூன்றிவிட்டன. 5000, 10000 இரண்டும் 1912இல் வந்தவை. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் 5 மைல் ஓட்டம் நடந்தது. ஸ்டாக்ஹோமில் பின்லாந்தின் கொலஹ்மைனன் இரண்டையும் வென்றார். 5000இல் பிரான்சின் ழான் பூவானை அவர் முந்தியது விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில். முதல் முறையே இப்படி ஒரு பந்தயம் அமைந்துவிட்டால் அந்தத் தூரத்தை அப்புறம் யார் நீக்குவார்கள்?

#8 குறுக்குக் கேள்வி

ஏற்கிறேன். அரை மனதோடு.

#9 பழஞ்சுவடி

பழங்கால மைதானம் என்றதும் ஒரு சிறு ஒட்டு. கிரேக்கர்களின் முதல் பந்தயமும் ஒரே ஓட்டம்தான்: மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. பெயர் ஸ்தாதியோன். தூரம் 600 அடி. ஆனால் யாருடைய அடி? ஒலிம்பியாவில் அது 192 மீட்டருக்குச் சற்று அதிகம். டெல்பியில் 177 மீட்டர்தான் வருகிறது. ஒலிம்பியாவில் ஹெராக்ளீஸ் தன் பாதத்தாலேயே 600 அடி வைத்து அளந்தான் என்று புராணம். அவன் பாதம் பெரிது, அதனால் தளமும் நீளம்! ஊருக்கு ஊர் தூரம் மாறியதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் நேரத்தை அளக்கவில்லை. யார் முதலில் வந்தான் என்பதுதான் கேள்வி. தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கவலையே விநாடி காட்டும் கடிகாரம் கையில் வந்த பிறகு பிறந்தது.

#10 உடற்கூறு

எல்லாரும் சேர்ந்து என்னை ஓரங்கட்டிவிட்டீர்கள். கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். 2009 பெர்லினில் போல்ட் 9.58இல் ஓடியபோது 20 மீட்டருக்கு ஒரு முறை எடுத்த நேரங்கள்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. 60க்கும் 80க்கும் நடுவில் உச்சம், அப்புறம் இறங்குமுகம். அதாவது மனித வேகம் ஏறி, உச்சம் தொட்டு, சரியத் தொடங்கும் வரை முழுக் கதையையும் 100 மீட்டர் காட்டிவிடுகிறது. 60 மீட்டர் 1900, 1904 ஒலிம்பிக்குகளில் இருந்து, பிறகு உள்ளரங்குக்குப் போய்விட்டது. உடம்போடு பொருந்தாத தூரம் நிலைக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

#11 நாலாவது தடம்

உடற்கூறு, உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் 1997இல் டொரன்டோவில் நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு அட்லாண்டாவில் டொனோவன் பெய்லி 100ஐ 9.84இல் ஓடினார், மைக்கேல் ஜான்சன் 200ஐ 19.32இல் ஓடினார். 19.32ஐப் பாதியாக்கினால் 9.66. அப்படியானால் உலகின் வேகமான மனிதர் ஜான்சன்தான் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. (200 ஓடுகிறவன் நின்ற நிலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் புறப்படுகிறான், இரண்டாவது நூறை ஓட்டத்திலேயே தொடங்குகிறான் என்பதை அந்தக் கூட்டம் மறந்துவிட்டது.) சண்டையைத் தீர்க்க இருவருக்கும் நடுவில் 150 மீட்டரில் ஒரு தனிப் பந்தயம் வைத்தார்கள். பாதி வளைவு, பாதி நேர்பாதை. வழியிலேயே ஜான்சன் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெய்லி 14.99இல் முடித்தார். தீர்ந்ததா? ஒன்றும் தீரவில்லை. 150இல் 14.99 என்றால் நல்ல நேரமா, சுமாரா என்று சொல்லவே அன்று பலருக்குத் தெரியவில்லை.

தூரம் நிலைப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடி ஓடி, ஒரு எண்ணைக் கேட்டவுடன் முதுகு நிமிரும் நிலை வர வேண்டும். 9.8 என்றால் நிமிர்கிறோம். 14.99க்கு அப்படி யாரும் நிமிரவில்லை. 150 உடம்புக்குப் பொருந்தாத தூரம் என்று யாராவது சொல்ல முடியுமா?

#12 உடற்கூறு

அதைச் சொல்ல முடியாது. சரி, பாதி தோல்வி.

#13 சுண்ணாம்புக்கோடு

110 மீட்டர்த் தடை ஓட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்குப் பிடித்த இடம் அது. பழைய அளவு 120 கஜம். முதல் தடைக்கு 15 கஜம், பத்துத் தடைகளுக்கு நடுவே பத்துப் பத்துக் கஜமாக 90, கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு வரை 15. ஒரு மாணவன்கூட மனக்கணக்கில் போட்டுவிடுவான். 120 கஜம் 109.73 மீட்டர். அதை 110 ஆக்க வேண்டும். தடைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தொட முடியாது, ஏனென்றால் ஓட்டக்காரர்கள் நடுவில் மூன்றே எட்டு வைக்கப் பழகியிருக்கிறார்கள். கால் அளவு கலைந்தால் பந்தயமே கலைந்துவிடும். அதனால் 13.72, பிறகு ஒன்பது முறை 9.14 என்று கஜத்தை அப்படியே மீட்டரில் எழுதிவிட்டு, மிச்சத்தை எல்லாம் கடைசித் தடைக்கு அப்புறம் தள்ளிவிட்டார்கள். அதனால் 13.72 ஆக இருக்க வேண்டிய கடைசி ஓட்டம் 14.02 மீட்டர் ஆயிற்று. ஏறக்குறைய ஒரு முழங்கைக்கும் குறைவான அந்தத் துண்டுதான் கஜத்துக்கும் மீட்டருக்கும் நடந்த உடன்படிக்கை! தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். அதுவும் மூன்றரை அடிதான்.

பெண்களுடைய 100 மீட்டர்த் தடை ஓட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடைக்கு 13, நடுவே 8.5, கடைசியில் 10.5. எல்லாம் மீட்டரிலேயே பிறந்த எண்கள். 1968 வரை ஒலிம்பிக்கில் அவர்கள் ஓடியது 80 மீட்டர். 1972 ஒலிம்பிக்கில் அது 100 ஆனபோது கஜத்தின் பாரம் அவர்கள் தலையில் இல்லை. ஓர் அளவு எந்த நாட்டில், எந்தக் காலத்தில் பிறந்தது என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

#14 மூச்சிரைப்பு

பெண்களுக்கு மட்டும் தூரம் ஏன் இவ்வளவு தாமதமாக மாறியது?

#15 சுண்ணாம்புக்கோடு

அது தூரத்தின் கதை அல்ல, ஆண்களின் பயத்தின் கதை. 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஓடி முடித்த சிலர் களைத்துப் புல்லில் விழுந்ததை, ஏதோ பெரும் விபத்துபோல ஊதி எழுதின பத்திரிகைகள். 800 ஓடி முடித்த ஆண்கள் விழாமல் நடனமாடுவார்களோ என்னவோ! அந்தப் பந்தயத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960இல். பெண்களுக்கு 1500 வந்தது 1972இல். மாரத்தானும் 3000மும் 1984இல். 10000 வந்தது 1988இல். 3000 நீங்கி 5000 வந்தது 1996இல். 3000 மீட்டர்த் தடைத்தொடர் ஓட்டத்துக்கு (ஸ்டீபிள்சேஸ், சுற்றுக்குச் சுற்று மரத்தடைகளையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டும் ஓட்டம்) 2008 வரை காத்திருந்தார்கள். உடற்கூறு தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், "உடம்பு தாங்காது" என்பதைத்தான் இந்த எண்பது ஆண்டுகளும் காரணமாகச் சொல்லிவந்தார்கள்.

#16 உடற்கூறு

கோபம் இல்லை. அந்த உடலியல் என்னுடையது அல்ல.

#17 பழைய நடுவர்

தடைத்தொடர் ஓட்டம் என்றதும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் நினைவுக்கு வருகிறது. சுற்றுகளை எண்ண வேண்டியவரின் கவனம் தவறியது. வீரர்கள் 3000 மீட்டருக்குப் பதில் ஒரு சுற்று கூடுதலாக, ஏறக்குறைய 3460 மீட்டர் ஓடினார்கள். பின்லாந்தின் இசோ ஹொல்லோ எப்படியும் வென்றிருப்பார். ஆனால் 3000 மீட்டர் முடிந்த இடத்தில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கர், அந்தக் கூடுதல் சுற்றில் மூன்றாமிடத்துக்குப் போய்விட்டார். நானும் நெடுந்தூர ஓட்டங்களுக்குச் சுற்று எண்ணியிருக்கிறேன். 10000 மீட்டரில் 25 சுற்று. பதினைந்தாவது சுற்றுக்கு மேல், பின்தங்கியவர்களும் முன்னே போனவர்களும் கலந்து ஒரே கூட்டமாகிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூடப் பதில் சொல்லக் கூடாது.

#18 நான்கு நிமிடம்

1600 பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது, நான் முடித்து வைக்கிறேன். மூச்சிரைப்பு, உங்கள் மகள் கேட்ட பந்தயம் உண்மையிலேயே இருக்கிறது! அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 1600தான் ஓடுகிறார்கள். அங்கே ஓடுதளங்கள் 440 கஜத்திலிருந்து 400 மீட்டருக்கு மாறியபோது, நான்கு சுற்று என்ற பழக்கத்தைக் கைவிட மனமில்லாமல் மைலிலிருந்து 9 மீட்டரும் சொச்சமும் கழித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டும் கெட்டான். மைலும் இல்லை, 1500உம் இல்லை.

மைலின் அழகு என்ன தெரியுமா? 440 கஜச் சுற்றில் நான்கு சுற்று, நான்கு நிமிடம், சுற்றுக்கு 60 விநாடி. கடிகாரத்தின் விநாடி முள்ளும் ஓட்டக்காரனும் சேர்ந்து சுற்றுவதுபோல! 1954 மே 6ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஓடிய நான்கு சுற்றுகள்: 57.5, 60.7, 62.3, 58.9. மொத்தம் 3 நிமிடம் 59.4 விநாடி. மூன்றாவது சுற்றில் எல்லாம் கைவிட்டுப் போகிறது, நான்காவதில் மீட்டெடுக்கிறார். அந்த எண்களை மேலிருந்து கீழே படித்தாலே மூச்சு வாங்கும். 1500ஐச் சுற்று சுற்றாகப் பிரித்தால் இந்த நாடகம் கிடைக்காது, முக்கால் சுற்று எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும்.

1976இல் உலகத் தடகளச் சம்மேளனம் கஜக் கணக்கில் இருந்த எல்லா உலக சாதனைகளையும் பட்டியலிலிருந்து எடுத்தபோது மைலை மட்டும் விட்டுவைத்தது. மொராக்கோவின் எல் குரூஜ் 1998இல் 1500ஐ 3:26.00இல் ஓடினார், 1999இல் மைலை 3:43.13இல் ஓடினார். அந்த 109 மீட்டருக்கு 17.13 விநாடி. 1500இன் கோட்டைத் தாண்டியதும் நிற்க விடாமல் இன்னொரு 17 விநாடி ஓடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#19 நாலாவது தடம்

மைலோடு சேர்ந்து 440ஐயும் நினைத்துக்கொள்வோம். 1958 கார்டிஃபில் மில்கா சிங் தங்கம் வென்றது 400 மீட்டரில் அல்ல, 440 கஜத்தில். காமன்வெல்த் போட்டிகள் 1970 எடின்பரோவில்தான் மீட்டருக்கு மாறின.

#20 மெதுவோட்டம்

மாரத்தான் என் கட்சி. 1908 லண்டனில், அரண்மனைக் குழந்தைகள் ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகப் பந்தயத்தை வின்ட்ஸர் கோட்டையில் தொடங்கினார்கள், அதனால்தான் 42.195 வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?

#21 பழஞ்சுவடி

எல்லாருக்கும் தெரிந்த பாதியில் குழந்தைகள் கதையை அப்படியே நம்ப வேண்டாம். உறுதியான பாதி இது: பந்தயம் வின்ட்ஸர் கோட்டை வளாகத்தில் தொடங்கியது, மைதானத்தை அடைய 26 மைல், உள்ளே நுழைந்த பிறகு அரச குடும்பத்தினர் அமர்ந்த இடத்துக்கு முன்னால் முடிய 385 கஜம். சேர்த்தால் 42.195 கிலோமீட்டர். அந்த 385 கஜத்துக்குள்தான் இத்தாலியின் டொராண்டோ பியத்ரி மீண்டும் மீண்டும் விழுந்தார், தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள், அதனாலேயே தகுதி இழந்தார். தங்கம் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது பியத்ரியை.

அதற்கு முன்னும் பின்னும் மாரத்தானுக்கு நிலையான தூரமே கிடையாது. 1896இல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1912இல் 40.2. 1920இல் 42.75. மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை என்பதுதான் மூலக் கருத்து, "சுமார் நாற்பது" என்றால் போதும் என்றிருந்தார்கள். 1921இல் சம்மேளனம் லண்டன் தூரத்தை எடுத்து நிலைநிறுத்தியது. 1924 பாரிஸிலிருந்து ஒலிம்பிக்கில் அதுதான்.

#22 மெதுவோட்டம்

அந்த 195 மீட்டருக்காக நான் ஒவ்வொரு முறையும் அந்த அரச இருக்கையைச் சபித்துக்கொண்டே ஓடுகிறேன். இனி விவரத்தோடு சபிப்பேன்.

சாலையில் அளப்பது எப்படி என்று பலருக்குத் தெரியாது, அதையும் சொல்கிறேன். அளவிட்ட மிதிவண்டியின் முன்சக்கரத்தில் ஒரு எண்ணி பொருத்தி, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டிப் போவார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள், எந்தச் சூழ்நிலையிலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக மாரத்தானில் அதுவே 42 மீட்டர். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1981இல் நியூயார்க்கில் ஆல்பர்டோ சலசார் 2:08:13 ஓடி உலகின் சிறந்த நேரம் என்று கொண்டாடப்பட்டார். பின்னர் பாதையை மறுபடி அளந்தபோது ஏறக்குறைய 150 மீட்டர் குறைவு. போயிற்று.

#23 பழைய நடுவர்

30 சென்டிமீட்டர் என்ற எண் ஓடுதளத்திலும் உண்டு. அதற்கு முன் தள அளவில் தவறி நான் பட்டதைச் சொல்கிறேன். இளம் வயதில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குத் தளம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாடாவைப் பிடித்து, ஆணி அடித்து, கயிறு இழுத்து, அதிகாலையில் சுண்ணாம்புத் தூள் தூவி முடித்தேன். மூலையில் ஒரு பெரிய மரம் இருந்ததால் வளைவைச் சற்று உள்ளே இழுத்தேன். "சற்று"தான். அன்று மாலை ஒரு பையன் 800இல் ஓடிய நேரத்தைப் பார்த்துக் கூட்டமே எழுந்து நின்றது. நானும் கை தட்டினேன். இரவில் மனம் கேட்கவில்லை, விளக்கை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சுற்று 384 மீட்டர். இரண்டு சுற்றுக்கு 32 மீட்டர் குறைவு. மறுநாள் அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்படியானால் நான் எவ்வளவு நேரத்தில் ஓடியிருப்பேன் சார்?"

முறையான தளத்தின் கணக்கு இது. நேர்பாதை இரண்டு, ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50. ஆனால் யாரும் ஓரத் திட்டின் மேலேயே ஓட முடியாது அல்லவா, அதனால் 30 சென்டிமீட்டர் தள்ளி 36.80 என்று வைத்துக் கணக்கிட்டால்தான் சரியாக 400 வரும். ஒவ்வொரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், அதாவது நான்கு அடி. அடி இன்னும் போகவில்லை பாருங்கள்! 400 ஓட்டத்தில் இரண்டாம் தடத்துக்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்துவதும் எட்டாம் தடத்துக்காரரை 53 மீட்டர் முன்னால் நிறுத்துவதும் இந்தக் கணக்கால்தான்.

#24 மூச்சிரைப்பு

இதைப் படித்த பிறகு எனக்குக் கை துறுதுறு என்றது. இன்று காலை மகளையும் கூட்டிக்கொண்டு 50 மீட்டர் நாடாவோடு நான் தினமும் சுற்றும் மைதானத்துக்குப் போனேன். ஓரமாகப் பதித்திருக்கும் கற்களை ஒட்டியே நாடாவைப் பிடித்து, அவள் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலுமாக முழுச் சுற்றையும் அளந்தோம். ஒவ்வொரு ஐம்பதுக்கும் அவள் தரையில் ஒரு குச்சியை நட்டுக்கொண்டே வந்தாள். 371 மீட்டர்.

நான்கு சுற்று 1484. எட்டு ஆண்டுகளாக "மைல்" என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தது 1500கூட இல்லை. மகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

#25 பழைய நடுவர்

கற்களை ஒட்டியே அளந்தீர்களா, 30 சென்டிமீட்டர் தள்ளியா?

#26 மூச்சிரைப்பு

ஒட்டியேதான். ஏன்?

#27 பழைய நடுவர்

அப்படியானால் சுற்றுக்கு 1.88 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்நோக்கி மடங்காத வடிவமாக இருந்தால் போதும், மைதானம் நீளமோ வட்டமோ, சிறியதோ பெரியதோ, 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால் கூடுவது அதேதான், பை (π) என்ற எண்ணின் இரு மடங்கை 0.3ஆல் பெருக்கியது. நான்கு சுற்றுக்கு ஏழரை மீட்டர். உங்கள் மைல் 1491 மீட்டர் ஆகிறது.

#28 மூச்சிரைப்பு

1500க்கு இன்னும் ஒன்பது மீட்டர். நாளையிலிருந்து நுழைவாயில் வரை போய் நிற்கிறேன். மகள் அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டாள்.